கையறுநிலையும் அடுக்களையும்

மனைவியை இழந்தவன் நிலையைத் ‘தபுதாரநிலை’ என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் ‘தாபதநிலை’ என்றும் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். பெயர்களிலேயே பேதம் தெரிகின்றது. அவளுக்குத் தாபதம், அதாவது தவக்கோலம். உணவு, படுக்கை, அணி யாவற்றுக்கும் கட்டுப்பாடு. அவனுக்கோ தாரம் இறந்துபட்டது என்ற செய்தி மாத்திரமே.

சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவி இறந்தபோது பாடிய புறநானூற்று 245ஆம் பாட்டு, கையறுநிலைச் செய்யுள்களுள் தலையாயவற்றுள் ஒன்று. அவள் தீயிற் கிடக்கத் தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணி அவன் வெதும்புகின்றான். அத்துயரின் வாய்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் மறுநாட் காலை அவ்வரசனுக்குச் சோறு வடித்தவர் யார்? பாட்டு அதைச் சொல்லாது, உரைகாரரும் கேட்டிலர். 249ஆம் பாட்டிலோ, கணவனை இழந்தவள் சுளகளவான சிறு நிலத்தைச் சாணமும் கண்ணீரும் கொண்டு மெழுகுகின்றாள். துயரத்தின் நடுவிலும் அவள் கைக்கு வேலை காத்திருக்கின்றது.

குறுந்தொகை 167ஆம் செய்யுளில் புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலோடும், தாளிதப் புகை படிந்த கண்ணோடும் சமைக்கின்றாள். அவன் உண்டு பாராட்டுகின்றான். வகுப்பறையில் இதன் நயத்தை விரித்துரைக்கும் ஆசிரியர்களாகிய நாம், பாராட்டியதோடு அவன் பங்கு முடிந்துவிட்டதை மாணவருக்குச் சுட்டிக்காட்டியதுண்டா? பாரதிதாசனின் ‘குடும்ப விளக்கு’ முதற்பகுதி (1942) இல்லத்தரசியின் ஒருநாளை விடியல் முதல் இரவு வரை வரிசைப்படுத்திற்று. வீட்டுவேலையை வேலையாகக் கண்ட அளவில் அது முன்னேற்றமே. ஆயினும் எரியும் விளக்கு அவள்தான்.

குடும்பத்துள் அடைபட்ட இவ்வுழைப்புச் சமுதாய உழைப்பினின்றும் பெண்ணை விலக்கியதை ஏங்கெல்ஸ் 1884இல் விளக்கினார். லெனின் 1919இல் பொது உணவுச்சாலைகளையும் குழந்தைக் காப்பகங்களையும் பொதுவுடைமையின் முளைகளாகப் போற்றினார். நம்மிற் பலர் இவற்றை மேடையிற் பேசியுள்ளோம். வீடு திரும்பித் தேநீர் கேட்டும் உள்ளோம்.

யாழ்ப்பாணத்திற்கு வருவோம். செத்தவீட்டுக்கு அயலவர் சோறு கொண்டுவருவர். எட்டு முடியும், முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டியும் முடியும். உறவினர் கலைந்து செல்வர். மனைவியை இழந்த ஆணின் மெய்யான கையறுநிலை அன்றைக்குத்தான் தொடங்குகின்றது. உப்பு எந்தப் பேணியில் இருக்கின்றது, அரிக்கன்சட்டியில் அரிசியை எத்தனை தரம் அரிப்பது, சொதிக்குப் பால் விடுவது எப்போது என்பன ஒன்றும் தெரியாது. முன்னாளில் மறுதாரம் பார்த்தனர். அன்றேல் விதவைத் தமக்கையைக் கூட்டிவந்து குசினியில் விட்டனர். வசதியுள்ளோர் மலையகத்துச் சிறுமியொருத்தியை வேலைக்கு வைத்தனர். ஒரு பெண்ணின் உழைப்பு அற்றவிடத்து இன்னொரு பெண்ணின் உழைப்பு வந்து நிரம்பிற்று. (அச்சிறுமியின் படிப்பு அந்த அடுப்படியோடு முடிந்ததை ஆசிரியர்கள் மறக்கலாகாது.)

ஆணுக்குச் சமையல் வராது என்பது பொய். கோயில் மடைப்பள்ளியிலும், கலியாண வீட்டுக் கிடாரத்தருகிலும், சாப்பாட்டுக் கடைகளிலும் அகப்பை பிடிப்பவர் பெரும்பாலும் ஆண்களே. கூலியோ மதிப்போ கிடைக்குமிடத்து அது தொழில். இரண்டும் இல்லாதவிடத்து அது பெண்ணின் கடமை.

போர் இதன் மறுபுறத்தைக் காட்டிற்று. 2010இல் அரசாங்கம் கூறிய கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 விதவைகள். அவர்கள் வேலி அடைத்தனர், தோட்டம் கொத்தினர், கச்சேரியிற் காத்து நின்று படிவம் நிரப்பினர். ஆண்வேலை எனப்பட்டதைப் பெண் கற்றபோது எவரும் அதைக் காவியமாக்கவில்லை. பெண்வேலை எனப்பட்டதை ஆண் கற்பதையோ, நாம் படித்த சிறுகதைகளிற் காண்பது மிக அரிது. அவற்றில் மனைவியை இழந்தவன் சாய்மனைக் கதிரையில் நினைவில் ஆழ்வான், கோயிலுக்குப் போவான், ஈற்றில் இறப்பான். இடையில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கதாசிரியர் கவலைப்படுவதில்லை.

இன்று பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, முதியவர் பலர் ஊரிலே தனித்துள்ளனர். நாம் அறிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பெண் விடுதலை பற்றி நன்றாகப் பேசக்கூடியவர், மனைவி இறந்தபின் எழுபதாவது வயதிற் புட்டவிக்கத் தொடங்கினார். 2022இல் சமையல் வாயு கிடையாமற் போகவே விறகடுப்பையும் பழகவேண்டியதாயிற்று. வறுத்த மாவுக்கு எவ்வளவு கொதிநீர் விடுவதென்று தொலைபேசியில் மகளைக் கேட்டாராம். மகளுக்கும் அளவு தெரியவில்லை. “அம்மா கையாலை பாத்துத்தான் விடுறவ, அப்பா” என்றாளாம். முதல்நாள் மா களியாயிற்று. மறுநாள் நீத்துப்பெட்டியைக் கவிழ்க்க, வேகாத மாவாகவே கொட்டிற்று.

கையறுநிலைக்குத் தாம் இவ்வளவு காலமும் வகுப்பிற் சொல்லிவந்த பொருள் போதாது என்று அவர் நம்மிடம் கூறினார். இதனை எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். முதலிற் புட்டு உதிரட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.