மறுபடியும் அதே பெயர்கள்

தேர்தல் காலங்களில் மேட்டூரில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்றுண்டு. "குற்றம் சாட்டுவது எளிது; நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதா? இல்லையெனில் வேட்பாளர் ஏன் ஒதுங்க வேண்டும்?" என்பதே அது. நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை, காவிரி வழியே நமக்குக் கீழே உள்ள கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில் வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம். நம் சமுதாயத்தார் பெருவாரியாக வாழும் பள்ளப்பட்டி அத்தொகுதியைச் சேர்ந்ததாதலின், வாசகர்களில் பலருக்கு அந்நிகழ்ச்சி மறந்திராது.

2016 மே 16 அன்று தமிழகத்தின் 232 தொகுதிகள் வாக்களித்தன. அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் வாக்களிக்கவில்லை. வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் வழங்கப்படுவதாகக் கண்ட தேர்தல் ஆணையம், வாக்குப்பதிவை முதலில் மே 23க்கும், பின்னர் ஜூன் 13க்கும் தள்ளி வைத்தது. அப்போதும் மனநிறைவு கொள்ளாமல் மே 28 அன்று தேர்தல் அறிவிப்பையே ரத்துச் செய்தது. நவம்பர் 19 அன்று புதிதாகத் தேர்தல் நடந்தது. அ.தி.மு.க.வுக்குச் செந்தில் பாலாஜி, தி.மு.க.வுக்குக் கே.சி. பழனிசாமி. மே மாதம் களத்தில் இருந்த அதே இருவர்! செந்தில் பாலாஜி 23,661 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இவ்விருவரில் எவரையும் குற்றவாளி என்று நாம் எழுதவில்லை. எழுத நமக்கு உரிமையுமில்லை. நாம் கேட்பது வேறு. தீர்ப்பு வரட்டும் என்கிறார்களே, எந்தத் தீர்ப்பு? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, வாக்குக்கு லஞ்சம் தருவதை முறைகேடு என்று வகுத்திருக்கிறது. அதை நிறுவ உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்க வேண்டும். அவ்வழக்கோ, வென்றவர் ஒருவர் இருந்தால்தான் எழும். தேர்தலே ரத்தான பின் வென்றவர் ஏது? குற்றவியல் வழக்கு என்று இன்னொரு வழி இருக்கிறது. அது முடிவதற்குள் எத்தனை தேர்தல்கள் வந்து போகுமோ! ஆக, வரவே வழியில்லாத ஒரு தீர்ப்பைக் காட்டியே வேட்பாளர் மீண்டும் மனுத்தாக்கல் செய்கிறார்.

தண்டனை எவருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஆறு மாதம் அரவக்குறிச்சிக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. காசைக் கையால் தொடாத குடும்பங்களுக்கும் அதே கதிதான். வேட்பாளர்களுக்கோ புதிய மனு, புதிய மேடை.

ஒரு மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. குற்றச்சாட்டு எழுந்ததும் விலக வேண்டுமென்றால், நல்லவர் ஒருவரை வீழ்த்த எதிராளிக்கு ஒரு பொய்ப் புகார் போதுமே! உண்மைதான். ஆனால் இங்கே பேசியது எதிராளியின் வாய் அன்று. சோதனைகளையும் பார்வையாளர்களின் அறிக்கைகளையும் ஆராய்ந்த தேர்தல் ஆணையம். மேலும், விலகுவது சிறைவாசமன்று. கட்சிகளில் வேறு ஆளே இல்லையா? வாக்கை அமானிதமாகக் கருதும் நம் வீடுகளில், வரவு செலவில் ஐயம் எழுந்தால் ஜமாஅத் கணக்கை வைத்திருப்பவர், கணக்குத் தெளியும்வரை பொறுப்பைப் பிறரிடம் தர வேண்டுமென்றே எதிர்பார்க்கிறோம். சட்டமன்றத்துக்கு மட்டும் அளவுகோலைத் தாழ்த்துவானேன்?

சட்டத்தின் குறையும் இதில் உண்டு. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த 58-அ பிரிவு இருக்கிறது. பணம் பாய்ந்தால் நிறுத்த அத்தகைய பிரிவு இல்லை. அதைச் சேர்க்குமாறு 2016இலேயே ஆணையம் மத்திய அரசைக் கேட்டது. கேட்டது கிடைக்கவில்லை.

2017இல் சென்னை ஆர்.கே. நகரிலும் இதே கதைதான். 2019 ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாயிற்று. ஆகஸ்ட் 5 அன்று அங்கே மீண்டும் வாக்குப்பதிவு நடந்தபோது எதிரெதிரே நின்றவர்கள், ஏப்ரலில் நின்ற கதிர் ஆனந்தும் ஏ.சி. சண்முகமும்தாம்.