செல்ஃப் மோட்டாரில் கார்பனைப் பிடித்து நிறுத்த எது நல்ல வழி?

பைக்கின் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ரிலே 'டக்' என்கிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. பல வண்டிகளில் இதற்குக் காரணம் செல்ஃப் மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன் (பிரஷ்)தான். புது மோட்டாரின் விலையோடு பார்த்தால் கார்பன் செட் மிக மலிவு. கழற்றுவதும் சுலபம். இரண்டு நீள போல்ட்டை எடுத்தால் மூடி (எண்ட் கவர்) வந்துவிடும், உள்ளே சுழலும் ஆர்மேச்சரும் கையோடு வரும்.

திரும்பப் பூட்டும்போதுதான் சிக்கல். ஸ்பிரிங் ஒவ்வொரு கார்பனையும் நடுவே தள்ளிக்கொண்டே இருப்பதால், ஆர்மேச்சரின் முனையில் உள்ள செம்பு உருளையான கம்யூட்டேட்டர் நுழைய வேண்டிய இடம் அடைபட்டுவிடுகிறது. ஒன்றை விரலால் அமுக்கினால் மற்றொன்று துள்ளி வெளியே வரும். இதற்குப் பொறுமை இழந்தே பலர் மோட்டாரையே புதிதாக வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்கத் தேவையே இல்லை. பட்டறைகளில் புழங்கும் வழிகளைச் செய்து பார்த்ததில் எது கைகொடுக்கிறது, எது கெடுக்கிறது என்பது தெளிவாகவே தெரிகிறது.

முதலில் கெடுக்கும் வழி. ஸ்க்ரூ டிரைவர் முனையால் கார்பனை நெம்பிக்கொண்டு ஆர்மேச்சரை அழுத்துவது. கார்பனின் விளிம்பு உடைந்துவிடும். கம்யூட்டேட்டரைத் தேய்க்காமல் தான் தேய்ந்துபோவதுதான் கார்பனின் பெருமை. 12 வோல்ட்டில் பெரிய கரண்டைத் தாங்க வேண்டும் என்பதால் செல்ஃப் மோட்டார் கார்பனில் செம்புத்தூளும் கலந்திருக்கும். ஆனாலும் அது இரும்பு முனையைத் தாங்கும் பொருள் அல்ல.

மெல்லிய செம்புக் கம்பியால் கட்டி வைத்து, கடைசியில் வெட்டி உருவுவது இன்னொரு வழி. பிடிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெட்டிய துண்டு ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஷார்ட் ஆகிவிடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தூண்டில் நரம்பு மேல். வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வந்துவிடும், கரண்டும் கடத்தாது.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். விரல் அகலத்துக்குக் குறைவாக நீளத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். கார்பனைக் கூட்டுக்குள் தள்ளி, அதன் முகத்தின் மேல் ஃபிலிமை மடித்து வைத்தால் ஸ்பிரிங் அடங்கி நிற்கும். கம்யூட்டேட்டரைப் பாதி நுழைத்ததும் துண்டுகளைப் பக்கவாட்டில் ஒவ்வொன்றாக உருவிவிட்டு, மீதியையும் தள்ளிவிடலாம். ஒருபக்கம் மூடிய எண்ட் கவர் உள்ள பைக் மோட்டாருக்கு இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

கார் ஸ்டார்ட்டரில் நான்கு கார்பன் இருக்கும். கார்பன்களைத் தாங்கும் பிரஷ் பிளேட் தனியாகக் கழன்று, இருபுறமும் திறந்திருக்கும் வகை என்றால் கம்யூட்டேட்டர் அளவுக்கே உள்ள ஸ்பேனர் சாக்கெட் ஒன்று போதும். நான்கு கார்பனையும் சாக்கெட்டின் மேல் உட்கார வைத்து, கம்யூட்டேட்டரை அதன் வாயோடு நேராகப் பொருத்தித் தள்ளினால், சாக்கெட் மறுபக்கம் வெளியேற, கார்பன்கள் அப்படியே கம்யூட்டேட்டருக்கு மாறிவிடும். புது பிரஷ் பிளேட்டுகள் சிலவற்றின் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வருவதும் இதே வேலைக்குத்தான். பேக்கிங் என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

கார்பன் சரியாக உட்கார்ந்துவிட்டாலும் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. பைக் மோட்டாரின் உறைக்குள் நிரந்தரக் காந்தம் உண்டு. உறையை மாட்டும்போது அது ஆர்மேச்சரை வெடுக்கென்று இழுக்கும். இழுத்துவிட்டால் கம்யூட்டேட்டர் நழுவி, எல்லாக் கார்பனும் மறுபடி வெளியே வந்துவிடும். காயில் உறையில் மோதி அடிபடவும் வாய்ப்புண்டு. எனவே எண்ட் கவரையும் ஆர்மேச்சரையும் ஒரே கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உறையை மெதுவாக ஏற்றுங்கள். உறையிலும் கவரிலும் உள்ள கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும்.

பூட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகளும் உண்டு. ஆர்மேச்சர் உள்ளே போகுமுன் டெர்மினல் போல்ட்டுக்கும் கவருக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். தொடர்பு காட்டினால் இன்சுலேட்டர் வாஷர் இடம் மாறியிருக்கிறது. ஆர்மேச்சர் போன பிறகு இதைச் சோதிக்க முடியாது, அதன் வழியாகவே தொடர்பு காட்டும். கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் துடைத்தால் போதும். எமரி தாள் கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனை அரிக்கும். கிரீஸ் புஷ்ஷுக்கும் சீலுக்கும் மட்டும்.

இத்தனை பாடும் தேவையா என்று கேட்டால், பல மோட்டார்களில் தேவையே இல்லை. டிரில் மெஷின்கள் பலவற்றில் கார்பனை வெளியிலிருந்தே மூடி திருகி மாட்டலாம். சில கார் ஆல்டர்னேட்டர்களின் பின்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஊசியைச் செருகினால் கார்பன் பின்வாங்கி நிற்கும், பூட்டிய பிறகு ஊசியை உருவிவிடலாம். பைக் மோட்டார் சேற்றிலும் மழைநீரிலும் ஓடுவதால் அதன் உடலில் துளை வைக்கத் தயங்குவது நியாயம்தான். ஆனால் கார்பன் செட்டோடு ஒரு பிளாஸ்டிக் வளையத்தையோ ஃபிலிம் துண்டுகளையோ சேர்த்துக் கொடுக்கத் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய செலவு ஆகாது. அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

அதுவரை பைக்குக்கு எக்ஸ்ரே ஃபிலிம், திறந்த பிளேட் உள்ள கார் ஸ்டார்ட்டருக்கு சாக்கெட். கார்பன் வாங்கப் போகும்போது வளையத்தோடு வரும் முழு பிரஷ் பிளேட் கிடைக்குமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குங்கள்.