புழுங்கலரிசியும் பிராடன் நூலும்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து பலர் மாண்டனர். அக்காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரோ வறுமையில் அவர்களுக்குக் குறைந்தவரல்லர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களையும் கொன்றன. ஆயினும் பெரிபெரி மட்டும் அவர்களைப் பெரும்பாலும் அண்டவில்லை. ஏன்?

இவ்வினாவுக்கு விடை தேடி எழுந்தது, நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த டாக்டர் பிராடன் 1907இல் வெளியிட்ட 'பெரிபெரியின் காரணமும் தடுப்பும்' என்னும் பெருநூல். உணவு பற்றிய ஆராய்ச்சியை எவ்வாறு படிக்க வேண்டும், எவ்வாறு படிக்கலாகாது என்ற இரண்டையும் கற்பிக்கும் நூல் அது. ஆதலின் இன்றும் அது திறனாயத் தக்கது.

நூலின் சிறப்பு அதன் நோட்டத்தில் உள்ளது. நோய் தொற்று என்றும், மண்ணின் நச்சாவி என்றும் பலர் பேசிய நாளில், பிராடன் மக்களின் சோற்றைப் பார்த்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளையரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. கம்பத்து மலாய்க்காரர் உண்டது அன்றன்று வீட்டில் குத்திய பச்சரிசி. நோய் முதற்கூட்டத்தாரையே பற்றியது. எனவே குற்றம் வெள்ளையரிசியில் உள்ளது என்றார். இம்முடிபு சரியே.

ஆனால், குற்றம் யாது என்று கூறப் புகுந்தவிடத்து நூல் வழுக்கி விழுகின்றது. நாட்பட்ட அரிசியில் ஒருவகைப் பூஞ்சைநஞ்சு உண்டாகிறது என்றும், நெல்லை அவிப்பதால் அந்நஞ்சு தடைப்படுகிறது என்றும் அவர் கருதினார். மலாய்க்காரர் தப்பியதற்கு அரிசியின் புதுமையே காரணம் என்றார். வீட்டு உரலில் குத்திய அரிசி புதியது மட்டுமன்று. தவிடு முற்றும் போகாததுமாகும். ஒரே அரிசியில் இரு வேறுபாடுகள் இருக்க, அவர் ஒன்றையே கண்டார். இன்றைய உடல்நலச் செய்திகள் பலவற்றிலும் மறைந்திருப்பது இதே பிழையாகும்.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 இறுதியிலிருந்து ஓராண்டு செய்த சோதனை, அரிசியின் பங்கை உறுதிப்படுத்திற்று. விடுதியினரை ஒருவர்விட்டு ஒருவராக இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு வெள்ளையரிசியும் மறு சாரார்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளையரிசி உண்ட 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. மறுத்துரைக்க வழியற்ற மக்கள்மீது செய்த சோதனை இது. நமக்குக் கிட்டிய அறிவின் விலையை மறத்தல் அறமன்று.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907 முதல் ஜெலெபுக் காட்டில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடையே அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தனர். அரிசி மாற, நோயும் மாறிற்று. பின்னர் வெள்ளையரிசி தின்று நோயுற்ற கோழிகள், தவிடு சேர்த்தபோது நோயின்றி வாழ்ந்தன. எனவே, அரிசியில் நஞ்சு இருந்ததன்று. வேண்டிய பொருள் இல்லாமற் போனதே குற்றம். அப்பொருளை 1926இல் ஜாவாவில் இரு டச்சு ஆராய்ச்சியாளர் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று அதனை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் நம்மவர் மார்தட்டிக்கொள்வதும் பொருந்தாது. நம் முன்னோர் வைட்டமினை அறிந்து நெல் அவித்தாரல்லர். குத்தும்போது நொறுங்காமலும், பூச்சி அரிக்காமலும் இருக்கவே அவித்தனர். நன்மை தானே வந்து சேர்ந்தது. நம் இரத்தத்தில் நோய்க்காப்பு இருந்ததுமில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கும் வெள்ளையரிசியும் உணவானபோது, தமிழரும் பெரிபெரிக்கு இரையாயினர். சயாம் மரண இரயில் பாதையில் மடிந்த தோட்டத்து மக்களே இதற்குச் சான்று.

இப்பழங்கதை இன்று எதற்கு? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோயுறுமை ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு இனிப்பு நீர் உண்டு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் 'நம் இரத்தம் அப்படி' என்று கைகட்டியிருப்பது, பெரிபெரியை மண்ணின் நச்சாவி என்றதற்கு ஒப்பாகும். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் இன்று நாற்காலியிலும் காரிலும் நாளைக் கழிக்கின்றனர். தட்டிலுள்ள சோற்றின் அளவோ குறையவில்லை. 'புழுங்கலரிசி உண்டால் இனிப்பு நீர் வராது' என்போர், ஒரு நோய்க்குக் கிட்டிய சான்றை வேறொரு நோய்க்குக் கடன் வாங்குகின்றனர். புழுங்கலரிசியிற் சில வகை இரத்தத்தில் சர்க்கரையைச் சற்று மெல்ல ஏற்றக்கூடும். எனினும் மலைபோல் குவித்த சோற்றுக்கு அது பரிகாரமாகாது.

ஆகவே, 'இதை உண், நோய் தீரும்' என்று ஏடோ நண்பரோ கூறும்போது, யாரை யாரோடு ஒப்பிட்டனர், உணவன்றி அவர்களிடையே வேறென்ன வேறுபட்டது, உணவை மாற்றியபோது நோயும் மாறிற்றா என்று கேட்டல் வேண்டும். பிராடன் இரண்டாவது வினாவைக் கேளாமல் விட்டார்; ஆயினும் அவர் விலக்கச் சொன்ன அரிசி விலக்கத்தக்கதாகவே இருந்தது. எல்லோர்க்கும் அந்த நற்பேறு வாய்க்குமென்று சொல்வதற்கில்லை.