சட்டித் தயிர்

லுணுகலை வழியாகப் போகும் ஏ5 வீதி, பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான் மட்டக்களப்பு. கலியாணத்துக்கு முன் அப்பா அங்கே கடைச் சிப்பந்தியாக இருந்தவர். நான் மட்டக்களப்புக்குப் போனபோது கோட்டையையும் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தையும் பார்த்தேன். ஆனால் அப்பா வாய் ஓயாமல் சொன்னதெல்லாம் எருமைத் தயிரைப் பற்றித்தான்.

அந்தத் தயிர்ச் சட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். காய்ச்சி ஆறவிட்ட பாலில் உறை ஊற்றி, சட்டியிலேயே உறைய விடுகிறார்கள். மண் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சட்டியின் வெளிப்புறம் கசிந்து சில்லென்றிருக்கும், உள்ளே தயிர் இறுகும். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிடக் கூட, ஆகவே மேலே தடித்த ஆடை. கரண்டியால் வெட்டி எடுத்தால் வெட்டின சுவர் சரியாமல் நிற்க வேண்டும், அதுதான் பரீட்சை.

சீனி போட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, அது அவர்கள் தலைவிதி. இதற்குச் சோடி நம் மலைப்பக்கத்துக் கித்துள் பாணிதான், அதுவும் தாராளமாக ஊற்றி. பிளாஸ்டிக் கோப்பையில் வருவதைத் தயிர் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.