கருப்பு எங்கே நிற்க வேண்டும்?

வத்தலக்குண்டு என்றால் இலக்கிய வாசகனுக்கு ராஜமய்யரும் செல்லப்பாவும் ஞாபகம் வருவார்கள். அங்கிருந்து மலையேறினால் தாண்டிக்குடி. பேராசிரியர் கா. ராஜன் 2004-ஐ ஒட்டி அங்கே பெருங்கற்காலக் கல்லறைகளைத் தோண்டினார், மட்பாண்டங்களும் அகப்பட்டன. பழனிமலைக் கல்லறைகளைப்பற்றி செண்பகனூர்ப் பாதிரியார் ஆங்லாத், நியூட்டனுடன் சேர்ந்து 1928-லேயே நூல் வெளியிட்டிருக்கிறார்.

அந்தக் காலத்துக் கருப்பு-சிவப்புக் கலயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். உள்ளே கருப்பு, வாய்விளிம்பும் கருப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு. சாயமல்ல. கவிழ்த்துவைத்துச் சுட்டது என்கிறார்கள். காற்றுப் புகாத உட்புறத்தில் புகை மண்டிக் கரி ஏறியது. காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவந்தது. ஒரு முறை சுட்டதா, இரண்டு முறையா என்று அறிஞர்களுக்குள் தர்க்கம் உண்டு. குயவனுக்குத் தர்க்கம் இல்லை. கருப்பு எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த வித்தையின் உறவுதான் இன்று ராக்கு என்றும், குழியில் சுட்டது என்றும் அலங்கார ஜாடியாக நகரத்து வரவேற்பறைக்கு வருகிறது. தணலாய்ச் சிவந்த ஜாடியைக் குறட்டால் எடுத்து, மரத்தூளில் போட்டு மூடுகிறார்கள். கண்ணாடிப் பூச்சு வெடித்துக் கோடு விடுகிறது; கோட்டில் கரி இறங்குகிறது. ராக்கு பதினாறாம் நூற்றாண்டுக் கியோட்டோவில் தேநீர்க் கிண்ணமாகப் பிறந்தது. மரத்தூள் சமாசாரம் 1960-ல் அமெரிக்கர் பால் ஸோல்ட்னர் ஆரம்பித்தது. அப்புறம் ஜாடி தண்ணீர் கசிவதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

கசிகிற ஜாடி கலையல்ல என்று நான் சொல்ல வரவில்லை. கல்லறைக் கலயத்தில் மட்டும் யார் சோறு தின்றார்கள்? என் புகார் வேறு. படர்ந்த புகையைக் காட்டி, ‘நெருப்பே வரைந்தது’ என்கிறார்களே, அதுதான். பாரத்தை நெருப்பின்மேல் போட்டுவிட்டுக் கலைஞன் நழுவிவிடுகிறான். கதை எழுதுகிறவர்களுக்கும் இந்த வியாதி உண்டு. பாத்திரங்கள் தாமாகவே நடந்துகொண்டன என்பார்கள்.

டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார்கள். மீக்கர் பின்னால் பச்சை மண்ணில் வீடே கட்டி, அதையே சூளையாக்கிச் சுட்டார். நெருப்பு தன்னிஷ்டம்போல வரையட்டும் என்று அங்கே விட முடியுமா? கூரை தலைமேல் அல்லவா இருக்கிறது!

நல்ல ராக்கு ஜாடிகளும் உண்டு. வாங்கப் போகிறவர்கள், அதே கை செய்த இன்னொரு ஜாடியையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருப்பு இரண்டிலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா?