மைதானம் யார் பேரில் இருக்கிறது?

2025இல் வந்த ‘பைசன்’ படத்தை எங்க தெருப் பசங்க பன்னிரண்டு பேரோடு போய்ப் பார்த்தேன். 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த படம். பசங்க விசிலடித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. திரும்பி வருகையில் பஸ்ஸில் ஒருத்தன் கேட்டான்: “அண்ணே, அவரு ஜப்பான் வரைக்கும் போயிட்டாரு. நமக்குக் கம்மாய விட்டா வேற எடமே கெடையாதாண்ணே?”

நான் எழுத நினைத்த விமர்சனம் அந்த இடத்தில் நின்றுபோனது. அவன் கேட்டதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய விளையாட்டுப் படங்கள் பெரும்பாலும் தப்பித்துப் போனவனின் கதையைச் சொல்கின்றன. அது தவறென்று நான் சொல்லவில்லை. ஒருத்தன் தப்பிப்பதற்கு எத்தனை அரிவாளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதை மாரி செல்வராஜ் மறைக்கவில்லை. 2024இல் வந்த ‘ப்ளூ ஸ்டார்’ படமும் ஊர் அணி, காலனி அணி என்று வெளிப்படையாகவே பேசியது. ஆனால் தப்பிக்காதவன் எங்கே ஆடுவான்? அவன் ஜெயிக்க வேண்டாம், பதக்கம் வேண்டாம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மேல்வலிக்க ஆடிவிட்டுப் போக வேண்டும். அவனுக்கான பதில் சினிமாவில் இல்லை. அரசாணையில்தான் தேட வேண்டும். அரசாணையும் ஒரு பிரதிதான். கதையை வாசிக்கிற மாதிரியே அதையும் வாசிக்கலாம்.

2024இல் தமிழக அரசு கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்குக் கிரிக்கெட் மட்டை, கைப்பந்து என 33 வகைச் சாமான்கள். நல்ல திட்டம். ஆனால் அதன் கணக்கு ‘ஊராட்சி’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள் ஊர் இருக்கிறது, சேரி எங்கே இருக்கிறது? ஊராட்சி ஒன்று, ஆனால் குடியிருப்பு இரண்டு, சுடுகாடு இரண்டு. பை மட்டும் ஒன்று.

எங்க ஊராட்சிக்கும் பை வந்தது. கட்டடம் ஊருக்குள், கோயிலை ஒட்டி இருக்கிறது. பசங்க போய்க் கேட்டார்கள். முதல் நாள், “சாவி தலைவர்ட்ட இருக்கு.” அடுத்த நாள், “நோட்டுல கையெழுத்துப் போடணும், பெரியாள் யாரையாவது கூட்டியா.” மூன்றாம் நாள் நானே போனேன். “எதுக்குப்பா, அங்க வெளையாட எடமா இருக்கு?” என்றார்கள். அடி இல்லை, வசவு இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்தச் சிரிப்புக்குப் பிரிவு எது?

அவர்கள் சொன்னதில் ஒன்று உண்மை. எங்களுக்கு இடம் கிடையாது. பங்குனியில் கம்மாய் வற்றினால் ஆட்டம், ஐப்பசியில் தண்ணி வந்தால் ஆட்டம் முடிந்தது. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கம்மாயும் இல்லை. எம்.ஏ. தமிழில் எனக்குப் பிள்ளைத்தமிழ் நடத்தினார்கள். சிறுதேர்ப் பருவத்தைப் பதம் பிரித்துச் சொன்ன ஆசிரியர், அந்தத் தேர் உருண்ட தெரு யாருடைய தெரு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தலித்துகளுக்கென்று சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80லேயே வந்துவிட்டது. மக்கள்தொகையில் எங்கள் பங்கு எவ்வளவோ, திட்டச் செலவிலும் அவ்வளவு பங்கு வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாங்கள் நூற்றுக்கு 20 பேர். அந்தப் பணம் என்ன ஆகும் என்பதற்குத் தில்லியே சாட்சி. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக, 2006-07 முதல் தில்லி அரசு இந்தத் திட்டத்திலிருந்து 744 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்தது. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் 678.91 கோடி திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டார். அதே போட்டிக்காகத் தில்லியில் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். வெளிநாட்டான் வந்து ஆடுவதற்கு எங்கள் பிள்ளைகளின் பங்கை எடுத்துச் செலவழித்த நாட்டில், எங்கள் பிள்ளை பந்து கேட்டால் பெரியாளைக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.

2024இல் தமிழகச் சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் கையில் இருக்கிறது. அதில் நம் பங்கு விளையாட்டுக்கும் உண்டு என்று கேட்கிற குரல்தான் குறைவு. நம் இயக்கங்கள் நிலம் கேட்டன, சுடுகாட்டுப் பாதை கேட்டன. விளையாட்டை வயிறு நிறைந்தவன் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். நானும் விட்டவன்தான். வேலை செய்வதற்கு மட்டுமே இந்த உடம்பு என்று சாதி சொன்னதை நாமும் பாதி நம்பிவிட்டோமோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கோரிக்கை பெரிசில்லை. சேரியை ஒட்டிய புறம்போக்கில் ஒரு மைதானம், அது அரசுப் பதிவேட்டில் விளையாட்டிடம் என்று ஏற வேண்டும். சாமான் வைக்கிற அறை சேரிக்குள். சாவி எங்கள் பொறுப்பில், ஊர்ப் பசங்களும் வந்து ஆடலாம். பெண்பிள்ளைகளுக்கென்று தனி நேரம், விளக்கு.

இதை எழுதி 2024 ஆகஸ்ட் 15 கிராமசபையில் கொடுத்தோம். தீர்மான நோட்டில் ஏறவில்லை. பஸ்ஸில் கேட்டவனிடம் இதைச் சொன்னேன். “அப்ப மறுபடியும் குடுப்போம்ணே” என்றான். இந்தத் தடவை மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது.