சூலைத் திருப்பதிகம் பேரமோ?

திருநாவுக்கரசு நாயனார் திருவதிகையிற் பாடியருளிய முதற் றிருப்பதிகத்தை நோய் நீங்கும் பொருட்டுச் செய்த பேரம் என்பாரும் உளர். சூலை வாராதேல் நாயனார் சமணம் விட்டு மீண்டிரார் என்பது அன்னார் வாதம். பதிகத்தின் வினைச்சொற்களை நோக்காது எழுந்த கூற்று இது.

பேரமாவது, 'நீ இது செய்யின் யான் அது செய்வேன்' என்பது. அவ்வாய்பாடு பத்துப் பாட்டில் ஒன்றிலேனும் இல்லை. இரண்டாம் பாட்டில், நெஞ்சை இறைவனுக்கே இடமாக்கியதை இறந்தகாலத்தாற் கூறி, அதன் பின்னரே நோயின் நலிவை முறையிடுகின்றார். ஒன்பதாம் பாட்டில் 'ஆகில்' என்று வருகின்றதே எனின், அடியார் படுவது இதுவானால் தம்மைப் போல்வார் இறைவனை இனித் தெளியார் என்னும் வழக்கு அது. விலை பேசுவோன் இங்ஙனம் இடித்துரையான். ஆளாயினானுக்கே அவ்வுரிமை உண்டு. வயிற்றுநோய்க்கு இப்பதிகம் ஓதும் நம்மவர் இதனை உணர்ந்து ஓதுவாராக.

வேண்டுதல் இழிவன்று, ஆயினும் நாயனார் அதனளவில் நின்றாரல்லர். பின்னர்ப் பல்லவன் ஏவலால் நீற்றறையிலும், கொலையானை முன்னும், கடலிலும் பாடியனவாகச் சேக்கிழார் காட்டும் பதிகங்களில் 'காத்தருள்க' என்னும் விண்ணப்பமே காணப்படவில்லை. நீற்றறையில் 7 நாள் இருந்தவர் திருவடி நிழலின் தண்மையைப் பாடுகின்றார். கல்லொடு பிணித்துக் கடலிலே தள்ளப்பட்டவர் திருவைந்தெழுத்தின் துணைமையைப் பாடுகின்றார். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரங் கூறும் இறைபணி நிற்றல் இந்நிலையே. தாயுந் தந்தையும் உடன்பிறந்தாருமாய் நின்ற தோன்றாத் துணை என்று போற்றியதோ, திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறிய பின்னர்.